தெரியாது மேடம்

“கிளாஸ்ல ‘தெரியாது’ன்னு சொல்றதுக்கு ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் எதுக்குங்க? அதுக்குத்தான் ஸ்டூடன்ட்ஸ் இருக்காங்களே” என்று எங்கள் கல்லூரி முதல்வர் ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். முதல்வர் வேடிக்கையாக எதையாவது சொன்னால் சிரிப்பது என்பது நியமன உத்தரவில் எழுதாமல் விட்ட நிபந்தனை. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் காது மந்தமான கணக்குப் பேராசிரியர். இன்னொருவர், கேள்வி யாரைக் குத்தியதோ அவர். ரசாயனக் கூடத்து டெமான்ஸ்ட்ரேட்டர். அவர் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்து, “தெரியல ஸார்” என்றார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘தெரியாது மேடம்’.

இன்று காலை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. ‘மாணவர் நலன்: இவ்வாண்டு எடுத்த நடவடிக்கைகள்’ என்று தலைப்பு. பல வருஷமாக இந்தப் படிவத்தை நான்தான் நிரப்புகிறேன். போன வருஷம் எழுதியதைப் பார்த்து இந்த வருஷம் எழுதுவேன். போன வருஷமும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இன்றைக்கு என்னவோ பேனாவைத் திறந்ததும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. படிவம் மேசைமேல் கிடக்கிறது. எனக்கும் இப்போதெல்லாம் எதையும் உடனே செய்ய முடிவதில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் ஆங்கிலத் துறையில் கடைக்குட்டி. ஒரு புதன்கிழமை எனக்கு இரண்டு மணி நேரம் வகுப்பில்லை என்பதைக் கண்டுபிடித்த முதல்வர், என்னை மாணவர் ஆலோசகர் ஆக்கிவிட்டார். மனம் சோர்ந்த மாணவர்கள் என்னிடம் அனுப்பப்படுவார்கள். நான் அவர்களிடம் பேசுவேன். அப்போது நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மாணவன் “ரொம்ப நன்றி ஸார்” என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் போகிற வேகத்தைப் பார்த்து, சோர்வு நீங்கிவிட்டது என்று குறித்துக்கொள்வேன்.

அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் நேராக ரசாயனக் கூடத்துக்குப் போனார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேடத்துக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் விவசாயம் செய்யும் ஜைனக் குடும்பம். காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருவார், மாலை நாலரை பஸ்ஸில் போவார். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் அவருக்கு. பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி மடித்திருக்கும். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அதில் வடிகட்டித்தான் குடிப்பார். பருத்திப் புடவைகளில் அமிலம் பட்டுப் பொத்தல் விழுந்திருக்கும். பட்டுக்குப் பேர்போன ஊரில் பொத்தல் புடவையோடு நடமாடிய ஒரே பெண்மணி அவராக இருக்கலாம்.

“நீங்க எதைக் கேட்டாலும் தெரியாதுங்கறது உங்க மதத்துல சொன்னதா?” என்று தத்துவ ஆசிரியர் ஒருநாள் சீண்டினார்.

“தெரியாது ஸார். கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார். அடுத்த திங்கட்கிழமை, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டதாகவும், அவர் இல்லை என்று சொன்னதாகவும், ஆனால் அவருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம் என்றும் வந்து சொன்னார். தத்துவ ஆசிரியர் அதற்குப் பிறகு சீண்டவில்லை.

என்ன கஷ்டம் என்று அவர் எந்த மாணவனையும் கேட்டதில்லை. அழுதுகொண்டு வந்தாலும் கேட்க மாட்டார். சோதனைக் குழாய்களைக் கழுவச் சொல்லுவார். பத்துப் பன்னிரண்டு கழுவி முடித்த பிறகு, “உங்க வூட்லயோ தெருவுலயோ, இது ஏன் இப்படி ஆவுதுன்னு யாருக்குமே காரணம் தெரியாத விஷயம் ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய சிகிச்சை. மாணவன் எதையாவது சொல்லுவான். அவர் யோசித்துவிட்டு, “எனக்கும் தெரியாதுபா. வா, பாக்கலாம்” என்பார்.

விடுதியில் ஒரு பையன் வீட்டு ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்தான். நான் அவனுக்குத் தாய்ப்பாசம் பற்றி ஒரு மணி நேரம் பேசி, அவனை இன்னும் நன்றாக அழவைத்து அனுப்பினேன். மேடத்திடம் அவன், விடுதி ரசத்தில் ஏதோ களிம்பு வாசனை வருகிறது என்று சொல்லியிருக்கிறான். இரண்டு வாரம் ரசத்தைப் புட்டியில் அடைத்து எடுத்துவந்து சோதித்தான். பாத்திரங்களில் ஈயப்பூச்சு போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. ஈயம் பூசுகிறவரை வரவழைத்தார்கள். பையனுக்கு ஏக்கம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பிட ஆரம்பித்தான். ரசம் நன்றாக இருக்கிறதா என்று மேசை மேசையாகப் போய் விசாரித்தும் வந்தான்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. தூக்கம் வருவதில்லை என்று ஒருநாள் புலம்பினேன். எத்தனை டீ குடிக்கிறேன், எப்போது குடிக்கிறேன் என்று பதினைந்து நாள் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எழுதினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, “அழகா எழுதி இருக்கீங்க ஸார். இதுல எந்தெந்த நாளு நெசம்?” என்று கேட்டார். நான்கு நாள் நிஜம். மீதியைக் கடைசி ராத்திரி ஒரே மூச்சில் எழுதியிருந்தேன்.

தணிகாசலத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அவனைப் பற்றிச் சொல்லத்தான். இத்தனை நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பையன். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். அப்பாவும் அண்ணனும் தறியில். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். முதல் வருஷத்தில் இரண்டு பாடம் போயிற்று. அதன் பிறகு தினமும் புத்தகத்தோடு கல்லூரிக்கு வருவான், சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான், சாயங்காலம் எழுந்து போவான். வகுப்புக்குள் நுழைவதில்லை. யாரிடமும் பேசுவதில்லை. அவனுடைய அம்மா ஒருநாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“வூட்ல வாயே தொறக்கறதில்ல ஸார். சோறு வச்சா வச்சது வச்சபடி இருக்குது. தறி சத்தம் கேட்டா எழுந்து வெளிய பூட்றான். அவங்க அப்பாருக்கு ஒண்ணும் தெரியாது, படிக்கிற புள்ள அப்டித்தான் இருக்கும்ன்றாரு. எனக்கு பயமா இருக்குது ஸார்.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனைக் கூப்பிட்டு, தோல்வி என்பது பற்றி என்னிடமிருந்த மிகச் சிறந்த சொற்பொழிவை நிகழ்த்தினேன். அவன் என் மேசைமேல் இருந்த காகித பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் நன்றிகூடச் சொல்லவில்லை.

மேடம் அவனைக் குழாய் கழுவச் சொன்னார். நான்கு நாள் பேசாமல் கழுவினானாம். ஐந்தாம் நாள், கேட்காமலே சொன்னானாம்: “எங்க தெருல சாயம் போடறாங்க மேடம். ஒரே சாயம், ஒரே பட்டு, ஒரே ஆளு. ஒரு வூட்ல போட்டா செவப்பு பளிச்சுன்னு வருது. எதிர் வூட்ல போட்டா மங்கிடுது. கெணத்துத் தண்ணின்னு சொல்றாங்க. சாமி குத்தம்னும் சொல்றாங்க.”

“நீ இன்னா சொல்ற?”

“தெரியாது மேடம்.”

“எனக்கும் தெரியாது. எத்தினி கெணறு இருக்குது?”

இருபது கிணறுகள் என்று முடிவாயிற்று. தண்ணீர் உப்பா, நல்லதா என்று பார்க்க எளிமையான வழி உண்டு. அளந்த தண்ணீரைப் புட்டியில் ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் சீக்கிரம் நுரை நிற்கும். உப்புத் தண்ணீர் சோப்பைக் குடித்துக்கொண்டே இருக்கும். நான்கைந்து மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் புட்டிகளில் தண்ணீர் வாங்கிவந்தார்கள். தணிகாசலம் தன் தெருவுக்குப் போய்க் கேட்க மறுத்துவிட்டான். குலுக்குவது அவன் வேலை.

இருபது புட்டியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. எல்லாம் நல்ல தண்ணீர். பையன்களுக்குச் சந்தோஷம். முதல்வருக்கு அதைவிடச் சந்தோஷம். கல்லூரி தின விழாவுக்குக் கலெக்டர் வருவதாக இருந்தது. ‘நம் நகரின் கிணறுகள் அனைத்தும் நன்னீரே’ என்று ஓவிய ஆசிரியரைக் கொண்டு ஆளுயர அட்டை எழுதச் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் தணிகாசலம் மேடத்திடம் வந்து நின்றான். அன்று நானும் அங்கே இருந்தேன், ஓசி டீக்காக.

“இது சரி இல்ல மேடம்.”

“எது?”

“பதினாலாம் நம்பர் எங்க வூட்டுக் கெணறு. அதுல பருப்பு வேகாது. எங்கம்மா தெனம் திட்டிக்கினேதான் அடுப்பு மூட்டும். அது எப்டி மேடம் நல்ல தண்ணியாவும்?”

நான், சோதனையே சொல்லும்போது பருப்பை எதற்கு இழுக்கிறாய் என்பது போல் ஏதோ சொன்னேன். மேடம் என்னைக் கவனிக்கவில்லை. “தெரியலபா” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். “வா, உங்கம்மாவயே கேக்கலாம்.”

மூன்று பேரும் போனோம். அவனுடைய அம்மா எங்களுக்குப் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தார். மேடம் துணியை விரித்து வடிகட்டிக்கொண்டே, “அன்னிக்கி காலேஜ் பசங்களுக்கு எந்தத் தண்ணி குடுத்தீங்கம்மா?” என்று கேட்டார்.

“இத்தத்தான். குழாத் தண்ணி.”

“அவங்க கெணத்துத் தண்ணி கேக்கலியா?”

“கேட்டாங்க டீச்சரம்மா. படிக்கிற புள்ளைங்க, வெயில்ல புட்டி தூக்கிக்கினு வருதுங்க. அதுங்களுக்கு உப்புத் தண்ணியா ஊத்திக் குடுப்பாங்க? நல்ல தண்ணியா குடுத்தேன். எதிர் வூட்டுக்காரி, பக்கத்து வூட்டுக்காரி எல்லாம் அப்டித்தான் குடுத்தோம்.”

பிள்ளையார்பாளையம் முழுக்க ஒரே மரியாதையோடு ஒரே குழாய்த் தண்ணீரை இருபது புட்டியில் நிரப்பி அனுப்பியிருந்தது.

தணிகாசலம் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவனுடைய அம்மா சொம்பைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அழ ஆரம்பித்தார். மேடம் அவரிடம், “உங்க மேல தப்பில்லம்மா, நாங்கதான் பாக்காம வாங்கிக்கினு போய்ட்டோம்” என்றார்.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவரும் தணிகாசலமுமாகக் கிணறு கிணறாகப் போய்த் தாங்களே இறைத்தார்கள். ஒருநாள் அவர் பஸ்ஸை விட்டுவிட்டார். கடைசி பஸ்ஸில் ஏறும்போது இருட்டிவிட்டது. அப்படியென்றால் மறுநாள் காலை வரை அவருக்குச் சாப்பாடு கிடையாது என்பது, மறுநாள் அவர் மயங்கி உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஒன்பது கிணறுகள்தான் முடிந்தன. நான்கு நல்ல தண்ணீர், ஐந்து உப்பு. அந்த ஒன்பதில் மங்கலாகச் சாயம் பிடிக்கும் வீடுகள் எல்லாம் உப்பான ஐந்தில்தான் இருந்தன. மீதிப் பதினோரு கிணறுகளுக்கு எதிரே என்ன எழுதுவது என்று தணிகாசலம் கேட்டான். ‘தெரியாது’ என்று எழுது என்றார். ஆளுயர அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி அவனே எழுதினான். பதினோரு ‘தெரியாது’. விழாவன்று முதல்வர் அதைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தினார். கலெக்டர் வரவில்லை என்பதால் அதுவும் வீணாயிற்று. ஆனால் சாயக்காரர் ஒருவர் தூணைச் சுற்றிக்கொண்டு வந்து அட்டைமுன் நின்றார்.

“எங்க தெருக் கெணத்துக்கு தெரியாதுன்னு போட்டுக்கீறியே, எப்ப தெரியும்?”

“பாத்துட்டுச் சொல்றேன்” என்றான் தணிகாசலம்.

இதற்குப் பிறகு அவன் ஒழுங்காக வகுப்புக்குப் போனான். ஆனால் அதற்கு முன்னால் போகாத நாட்கள் போகாதவைதான். பரீட்சை எழுதத் தேவையான அளவுக்கு வருகைப் பதிவில் அவனுக்குப் பன்னிரண்டு நாள் குறைந்தது. மேடம் என்னிடம் ஒரு காகிதத்தோடு வந்தார். கிணறுகளுக்கும் சோதனைக் கூடத்துக்கும் அவன் வந்த நாட்கள் அதில் இருந்தன. பதினான்கு நாள்.

“இதை பிராக்டிகல் வகுப்புன்னு நீங்க ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டா போதும் ஸார். ஆலோசகர் எழுதினா ஏத்துக்குவாங்க.”

போட்டிருக்கலாம். எனக்கு அப்போது வேலை நிரந்தரம் ஆகவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், போடாமலிருப்பது சுலபமாக இருந்தது. காகிதத்தின் கீழே ‘முதல்வரின் மேலான உத்தரவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது’ என்று எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு. முதல்வர் சிவப்பு மையில் ‘கிணறு வகுப்பறை ஆகாது’ என்று எழுதித் திருப்பினார்.

மேடம் அதைப் படித்துவிட்டு, “சரி ஸார்” என்றார். என்னை அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்திருக்கும். அவரும் தற்காலிகம்தான். அடுத்த வருஷம் அவர் இடத்தில் எம்.எஸ்ஸி. படித்த ஒருவரைப் போட்டார்கள். இவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

அதெல்லாம் பிறகு. அந்த வருஷம் பரீட்சை எழுத முடியாதவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். தணிகாசலம் அதன்முன் சற்று நேரம் நின்றுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ரசாயனக் கூடத்துக்குப் போனேன்.

“மேடம், அவன் என்ன பண்ணுவான்?”

அவர் கையில் ஒரு புட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தார். “தெரியாது” என்றார்.

எத்தனையோ தடவை அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் எப்போதும் ஓர் ஆசை இருக்கும், ஏதோ பொட்டலத்தைப் பிரிக்கப் போகிறவரைப் போல. அன்று அது இல்லை. “வாங்க ஸார், போய்ப் பாக்கலாம்” என்று சொல்லும்போதே வாசலுக்குப் போயிருந்தார்.

வீட்டில் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அவனுடைய அம்மா வெளியே வந்து எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

“அவன் காலேஜிக்குத்தான ஸார் போய்க்கிறான்? மூணு நாளா விடிஞ்சதும் கெளம்பிட்றான். இன்னிக்கி சாப்புடவும் இல்ல.”

உள்ளேயிருந்து அவனுடைய அண்ணியின் குரல் கேட்டது. “அத்தே, கெணத்துக் கயிறு எங்க? காத்தாலேர்ந்து காணோம். நான் எப்டி தண்ணி எறைக்கிறது?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கயிறு எதற்கெல்லாம் உதவும் என்று இரண்டு படித்தவர்கள் ஒரே சமயத்தில் யோசித்தோம். அந்தக் காகிதத்தில் நான் எழுதிய வரி, அதன் அழகான வளைவுகளோடு, கண்முன் வந்து நின்றது.

“இதோ வரோம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் நடந்தார். நடை இல்லை, ஓட்டம். நான் பின்னால் போனேன். முதல் தெருவில் யாரும் பார்க்கவில்லை என்றார்கள். இரண்டாவது தெருவில் ஒரு பெண், “அந்த தணிகாசலமா? வூடு வூடா பூந்து புறப்பட்டுக்கினு இருக்கான். கொல்லப்பக்கம் பாருங்க” என்றாள்.

கொல்லையில், கிணற்றுச் சுவரில் முழங்காலை முட்டுக்கொடுத்து அவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். காலடியில் நான்கு புட்டிகள், நம்பர் ஒட்டி வரிசையாக. எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

மேடம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “எத்தனாவது?” என்று கேட்டார்.

“அஞ்சாவது மேடம். மூணு நாளா கேட்டுக் கேட்டு இன்னிக்கித்தான் வுட்டாங்க. அவங்க கயிறு குடுக்க மாட்டன்றாங்க, அறுந்துடுமாம். அதான் எங்க வூட்டுக் கயிற எடுத்தாந்துட்டேன். இது உப்புதான் மேடம்.”

“எப்டி தெரியும்?”

“வாய்ல ஊத்திப் பாத்தேன்.”

“வாயில பாத்ததெல்லாம் கணக்குல எடுத்துக்க முடியாதுன்னு உனக்கு எத்தினி வாட்டி சொல்லி இருக்கேன்?” என்று அவர் அவனைக் கோபித்துக்கொண்டார். அவர் ஒரு மாணவனைக் கோபித்து நான் பார்த்தது அது ஒருதடவைதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பரீட்சைதான் இல்லையேப்பா” என்றேன் நான். ஆலோசகர் ஏதாவது சொல்ல வேண்டுமே.

“அடுத்த வருசம் எழுதறேன் ஸார். அந்த சாயக்காரரு வழில பாக்கறப்பல்லாம் கேக்கறாரு. பதில் சொல்லணுமில்ல.” பிறகு, “வூட்ல இன்னும் சொல்லல ஸார். நீங்க வந்து எங்கப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க நல்லா பேசுவீங்க” என்றான்.

சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே அவன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நன்றாகப் பேசவில்லை.

“இப்ப கொஞ்சம் கயிறு புடிங்க ஸார்” என்று தணிகாசலம் என்னிடம் கயிற்றை நீட்டினான். “நான் புட்டில நம்பர் எழுதணும்.”

ஆழமான கிணறு. வாளி பாதி வழி வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன்.

“நடுவுல நிக்காதீங்க ஸார். ஆடி சிந்திடும். மெதுவா, வுடாம இழுங்க.”

இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது. இன்னும் ஆறு கிணறு இருந்தது.